புண்ணியத்துக்கும் பர்மிட் வேணும் சார்!

சித்திரை மாசம் அழகர் ஆற்றில் இறங்குகிற சமயத்தில் மதுரைக்கு வந்திருக்கிறீர்களா? வந்திருந்தால் ஒரு விஷயம் தெரிந்திருக்கும். அந்த ரெண்டு நாள் மதுரையில் யாரும் தாகத்தோடு வீடு திரும்ப முடியாது. விடவே மாட்டார்கள்! பத்தடிக்கு ஒரு பந்தல். இந்தப் பக்கம் நீர்மோர், அந்தப் பக்கம் பானகம், எதிர்ப்பக்கம் ரோஸ்மில்க். "வேணாங்க, இப்பத்தான் குடிச்சேன்" என்று சொல்லிப் பாருங்கள். "அட, சாமி பேரைச் சொல்லிக் குடுக்குறோம், மறுக்காதீங்கண்ணே!" என்று கையைப் பிடித்து டம்ளரைத் திணித்துவிடுவார்கள்.

நாமும் வாங்கி மடக் மடக்கென்று குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு நடையைக் கட்டுவோம். "இது எந்தத் தண்ணி? எந்த ஐஸு?" என்று யாராவது கேட்டதுண்டா? கேட்டால்தான் நன்றாக இருக்குமா? ஓசியில் கிடைத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்தானாம் என்று ஏச்சுத்தான் கிடைக்கும்.

நாங்களும் அப்படித்தான் இருந்தோம். 2023 வரைக்கும்.

ஐந்து பேர், ஐயாயிரம் ரூபாய்

எங்கள் ஆபீஸில் நாங்கள் ஐந்து பேர் ஒரு செட். நாலு பேருக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஐந்தாவது ஆசாமிக்கு ஆகிவிட்டது, ஆனாலும் எங்களோடுதான் இருப்பார். காரணம் கேட்காதீர்கள்.

"வருஷா வருஷம் அடுத்தவன் மோரைக் குடிச்சே புண்ணியத்தை எல்லாம் அவன் கணக்குல ஏத்திட்டிருக்கோம். இந்த வருஷம் நாமளே பந்தல் போட்டா என்ன?" என்று ஆரம்பித்து வைத்தது அக்கவுண்ட்ஸ் செக்ஷன்காரர்தான். தலைக்கு ஆயிரம். மொத்தம் ஐயாயிரம். தல்லாகுளம் பக்கம் ஒரு டீக்கடை அண்ணன், தன் கடையை ஒட்டி இடம் கொடுத்தார். "சாமி காரியம், வாடகையெல்லாம் எதுக்கு தம்பி?" என்றார். அவருடைய ஏழு வயசுப் பாப்பா, எங்கள் அண்டாவைச் சுற்றிச் சுற்றி வந்து "எப்ப மோர் குடுப்பீங்க?" என்று நூறு தடவை கேட்டது.

2023 மே 4, எதிர்சேவை அன்று சாயங்காலம் ஆரம்பித்தோம். மறுநாள் விடிகாலை அழகர் தங்கக் குதிரையில் வைகைக்கு இறங்கும் வரைக்கும் ராத்திரி பூராவும் கூட்டம். 30 லிட்டர் தயிர். அதற்கு 120 லிட்டர் தண்ணீர். இஞ்சி, பச்சை மிளகாய், கொத்தமல்லி, பெருங்காயம். கூடவே ஐஸ் பார். "பாதி விலைக்கு முடிச்சேன் பாரு!" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார் எங்களில் ஒருத்தர். எங்கே என்று கேட்டதற்கு, மீன் லோடுக்கு ஐஸ் சப்ளை பண்ணுகிற இடமாம். உமியும் சாக்குமாக வந்து இறங்கியது. மேலாகக் கழுவிவிட்டு, சுத்தியலால் நாலு போடு போட்டு அண்டாவில் தள்ளினோம்.

பிளாஸ்டிக் டம்ளர் கூடாது, 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் தடை. அதை மட்டும் சட்டப்படி சரியாகச் செய்தோம். 40 எவர்சில்வர் டம்ளர். குடித்ததும் ஒரு வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து அடுத்தவருக்கு. விடியும்போது கணக்குப் பார்த்தோம். ஏறக்குறைய ஆயிரம் பேர் குடித்திருந்தார்கள். அக்கவுண்ட்ஸ்காரர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "ஆயிரம் பேர் வயிறு குளிர்ந்திருக்குடா!"

மூணாம் நாள்

சனிக்கிழமை காலையில் அக்கவுண்ட்ஸ்காரருக்கு வயிறு கலங்கியது. அண்டாவின் அடியில் மிச்சம் இருந்ததை "வீணாக்கக் கூடாது" என்று ரெண்டு செம்பு குடித்தவர் அவர்தான். பாத்ரூமில் குடியேறிவிட்டார். திங்கட்கிழமை வயிற்றுப்போக்கு என்று லீவு கேட்டதை மேனேஜர் நம்பவில்லை. "திருவிழா முடிஞ்சாலே உங்க எல்லாருக்கும் ஏதாவது ஒரு போக்கு வந்துடுமே!" என்றார். நாங்களும் சிரித்தோம்.

அன்றைக்குச் சாயங்காலம் டீ குடிக்கப் போனோம். கடை பூட்டியிருந்தது. பக்கத்துக் கடையில் கேட்டோம். "பாப்பாவுக்கு ரெண்டு நாளா வாந்தியும் பேதியும். ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க."

போய்ப் பார்த்தோம். எங்கள் அண்டாவைச் சுற்றி ஓடிய பாப்பா, கையில் டிரிப்ஸ் ஊசியோடு துணி மாதிரி கிடந்தது. கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. டாக்டர் கேட்டாராம், வெளியில் ஏதாவது குடித்தாளா என்று. அதற்கு அந்த அண்ணன் சொன்ன பதில்: "திருவிழால்ல சார்... எல்லாப் பந்தல்லயும்தான் குடிச்சா."

எங்கள் மோர்தான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. பாப்பா நாலு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டது. அண்ணன் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மோர் நல்லாத்தான் தம்பி இருந்துச்சு" என்றுகூடச் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை சார்.

அன்று ராத்திரி அக்கவுண்ட்ஸ்காரர் தன் தொழில் புத்தியைக் காட்டினார். "40 டம்ளர், ஆயிரம் பேரு. ஒரு டம்ளர் 25 வாய்க்குப் போயிருக்கு. வாளி ஒண்ணு. தண்ணியை எத்தனை தடவை மாத்துனோம்?" யாரும் பதில் சொல்லவில்லை. மாற்றியதாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

"தர்மத்துக்கு எதுக்கு லைசென்ஸ்?"

2024 சித்திரை நெருங்கியது. இனிமேல் பந்தலே வேண்டாம் என்றுதான் இருந்தோம். டீக்கடை அண்ணன் விடவில்லை. "என்ன தம்பி, இந்த வருஷம் பந்தல் உண்டுல்ல?" என்றார். மறுக்க வாய் வரவில்லை. ஆனால், போட்டால் ஒழுங்காகப் போட வேண்டும் என்று முடிவு செய்து விசாரித்தபோதுதான் தெரிந்தது. நாங்கள் முதல் வருஷம் போட்டதே பதிவில்லாத பந்தல்!

மதுரையில் திருவிழா நெருங்கும்போது, அன்னதானம், நீர்மோர் கொடுக்கிறவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று மாவட்ட நிர்வாகமே அறிவிப்பு விடுகிறது. நாம்தான் பேப்பரில் சினிமா விளம்பரத்தைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம்.

"காசு வாங்காம குடுக்குற மோருக்கு லைசென்ஸா? இது என்ன அநியாயம்?" என்று கொதித்தார் கல்யாணமான நண்பர். நியாயமான கேள்விதான். ஆனால் சட்டத்தில் பதில் இருக்கிறது. 2006-ல் வந்த உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம், லாபம் வருகிறதோ இல்லையோ, உணவைத் தயாரித்துக் கொடுப்பதையே ஒரு 'உணவுத் தொழில்' என்றுதான் பார்க்கிறது. அதன் கீழ் வந்த 2011-ம் வருஷத்து விதிகளில், தள்ளுவண்டிக்காரர், தற்காலிகக் கடை போடுகிறவர் ஆகியோரோடு சேர்த்து, மதக் கூட்டங்களிலும் சமூக விழாக்களிலும் உணவு வழங்குகிறவர்களையும் எழுதி வைத்திருக்கிறார்கள். பெரிய ஓட்டல் மாதிரி லைசென்ஸ் எடுக்க வேண்டாம். பதிவுச் சான்றிதழ் போதும். இணையதளத்தில் ஒரு ஃபாரம், போட்டோ, அடையாள அட்டை. நாங்கள் கட்டியது 100 ரூபாய். எங்கள் ஆபீஸ் கேன்டீனில் ரெண்டு நாள் போண்டா, டீக்கு ஆகிற செலவு!

இது என்னமோ நம் ஊரில்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் நெவாடா பாலைவனத்தில் 'பர்னிங் மேன்' என்று வருஷா வருஷம் ஒரு கூத்து நடக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் எழுபதாயிரம் பேர் வரை கூடுவார்கள். அங்கே கடை கண்ணி என்று சொல்லும்படி கிடையாது. வருகிறவர்கள் கூடாரம் போட்டு, வழியில் போகிறவர்களைக் கூப்பிட்டு ஜூஸும் சரக்கும் சும்மாவே ஊற்றுகிறார்கள். (ஓசி சரக்கு என்றதும் நிமிர்ந்து உட்காருகிற அன்பர்களே, பிளேன் டிக்கெட் எவ்வளவு தெரியுமா?) அத்தனையும் அன்பளிப்பு. ஆனாலும் பொதுஜனத்துக்குக் கொடுக்கிற கூடாரம் என்றால் மாநில சுகாதாரத் துறையின் பர்மிட் வேண்டும். பாலைவனப் புழுதியிலும் இன்ஸ்பெக்டர் வந்து கை கழுவ ஏற்பாடு இருக்கிறதா என்று பார்க்கிறார். அன்பளிப்பு என்பதற்காக அமீபா ஒதுங்கிப் போய்விடுமா என்ன?

திருவிழாவும் பேதியும் ரொம்ப நாள் கூட்டாளிகள். 1867-ல் ஹரித்வார் கும்பமேளாவில் கிளம்பிய காலரா, யாத்ரீகர்களோடு சேர்ந்து ஊர் ஊராகப் போனது. நம் பக்கத்திலும் 1939-ம் வருஷத்துச் சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் சந்தைக்கும் திருவிழாவுக்கும் என்றே தனியாக ஓர் அத்தியாயம் வைத்தார்கள். பட்ட அடி அப்படி.

ஆபீஸர் கேட்ட ஐந்து கேள்வி

ஃபாரத்தைப் போட்டுவிட்டு, சந்தேகம் கேட்க ஆபீஸுக்கே போனோம். எரிந்து விழுவார் என்று எதிர்பார்த்துப் போனால், ஆபீஸர் உட்காரச் சொன்னார். அதுவே எங்களுக்கு முதல் அதிர்ச்சி.

"ஐஸ் எங்க வாங்குறீங்க?" முதல் கேள்வியே நெத்தியடி. போன வருஷக் கதையைச் சொன்னோம். தலையில் அடித்துக்கொள்ளவில்லை. அவ்வளவுதான்.

"மீனுக்குப் போடுற ஐஸ், குடிக்கிற தண்ணியில செஞ்சதா இருக்கணும்னு இல்ல தம்பி. உறைஞ்சா கிருமி செத்துடும்னு நினைக்காதீங்க. நிறைய கிருமி சும்மா தூங்கும். உருகினதும் எந்திரிச்சு உக்காந்துக்கும்."

இதற்காகத்தான் 2018-ல், சாப்பிட உதவாத ஐஸில் நீல நிறம் கலக்க வேண்டும் என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. நீலமாக இருந்தால் தொடவே கூடாது. "வெள்ளையா இருக்குங்கறதுக்காகவும் நம்பிடாதீங்க. குடிதண்ணியில செஞ்ச ஐஸ்தானான்னு கேட்டு, பதிவு நம்பர் உள்ள இடத்துல பில்லோட வாங்குங்க."

ரெண்டாவது கேள்வி: "தண்ணி?" 30 லிட்டர் தயிருக்கு 120 லிட்டர் தண்ணீர் என்றோம். "அப்ப அஞ்சுல நாலு பங்கு தண்ணிதான். பேருதான் மோர்! தயிர் எவ்வளவு நல்லதா இருந்து என்ன பண்ண?"

மூன்றாவது: "கொத்தமல்லியை எதுல கழுவினீங்க?" நாலு பேரும் ஐந்தாவது ஆளைப் பார்த்தோம். அவர் கூரையைப் பார்த்தார். மோரைக் கொதிக்க வைக்கிறதில்லை. பச்சையாகப் போடுகிற மல்லியும் மிளகாயும் மண்ணையும் கிருமியையும் நேராக அண்டாவுக்குள் கொண்டுபோய்விடும்.

நாலாவது: "டம்ளர் கழுவ என்ன ஏற்பாடு?" வாளிக் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் எங்களுக்கே வெட்கமாகிவிட்டது.

ஐந்தாவது: "ஊத்திக் குடுக்குற ஆளுக்கு வயித்துக் கோளாறு, கையில புண்ணு ஏதாச்சும் இருந்தா என்ன செய்வீங்க?" நாங்கள் முழித்தோம். "அன்னைக்கு அவரு மோர்ப்பக்கம் வரக் கூடாது. சாமி கும்பிட மட்டும் வரலாம்" என்றார்.

கிளம்பும்போது கல்யாணமான நண்பர் மட்டும் விடவில்லை. "இவ்வளவு கெடுபிடி பண்ணா யாரு சார் தர்மம் பண்ணுவா?"

ஆபீஸர் சிரித்தார். "ஓட்டல்ல காசு குடுக்குறவன் கிளாஸ் அழுக்கா இருந்தா சத்தம் போடுவான். உங்க பந்தல்ல வாங்கிக் குடிக்கிறவன் வாயத் திறக்க மாட்டான். சும்மா குடுக்குறாங்களேங்கற கூச்சம். அவன் கேக்காத கேள்வியத்தான் தம்பி நாங்க கேக்குறோம்."

திரும்பி வரும்போது பைக்கில் யாரும் பேசவில்லை.

பந்தல் போடப் போறீங்களா? இதைக் கத்தரித்து வையுங்கள்

* திருவிழாவுக்கு முந்தின நாள் ஓடாதீர்கள். மூணு வாரம் முன்னாலேயே விண்ணப்பியுங்கள். எங்களுக்கு ஐந்தாம் நாள் சான்றிதழ் வந்தது. உங்களுக்குக் கொஞ்சம் கூட ஆகலாம். வந்ததும் பந்தலில் கண்ணில் படுகிற மாதிரி மாட்டுங்கள்.

* கார்ப்பரேஷன் தண்ணீரோ லாரித் தண்ணீரோ, காய்ச்சி ஆற வைத்தோ குளோரின் போட்டோதான் பயன்படுத்த வேண்டும். 20 லிட்டருக்கு என்று விற்கும் அரை கிராம் குளோரின் மாத்திரை ஒன்று. போட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் தயிரில் ஊற்ற வேண்டும். கேன் தண்ணீர் என்றால் சீலும் பதிவு நம்பரும் பாருங்கள்.

* ஐஸை மோருக்குள்ளேயே போட வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? மோர்ப் பாத்திரத்தை மூடி, அதைச் சுற்றி ஐஸை வைத்தாலும் மோர் குளிரும்.

* கழுவ மூணு தொட்டி. ஒன்றில் சோப்புத் தண்ணீர், அடுத்ததில் நல்ல தண்ணீர், மூணாவதில் குளோரின் தண்ணீர். தண்ணீர் கலங்கினால் கொட்டிவிட்டு மாற்றுங்கள். ஆள் இல்லை என்றால் பாக்குமட்டைத் தொன்னைக்குப் போய்விடுங்கள்.

* அண்டாவுக்குள் டம்ளரையோ கையையோ விட்டு மொள்ளக் கூடாது. நீளக் கைப்பிடி அகப்பை, அல்லது குழாய் வைத்த டிரம். எப்போதும் மூடி போட்டிருக்க வேண்டும்.

* மொத்தத்தையும் சாயங்காலமே கரைத்து வைத்துவிட்டு விடிகாலை வரை ஊற்றாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கரையுங்கள்.

* ரோஸ்மில்க், சர்பத் கொடுக்கிறவர்கள் கவனத்துக்கு: கண்ணைப் பறிக்கிற கலர் வேண்டாம். ரோடமின்-பி என்ற சாயம் சிக்கியதால் 2024 பிப்ரவரியில் கலர் பஞ்சு மிட்டாய்க்கே தமிழ்நாட்டில் தடை வந்தது, ஞாபகம் இருக்கட்டும். பானகம் இருக்கும்போது சாயம் எதற்கு?

* தயிர், ஐஸ், தண்ணீர் வாங்கிய பில்லைப் பத்திரமாக வையுங்கள். ஏதாவது ஆகிவிட்டால் எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க அது ஒன்றுதான் வழி.

ஏப்ரல் 22

2024-ல் எதிர்சேவை ஏப்ரல் 22. இந்தத் தடவை செலவு ஐயாயிரம் போதவில்லை. தலைக்கு இன்னும் முந்நூறு போட்டோம். தயிரைக் குறைத்து 20 லிட்டராக்கினோம். நூறு பேர் குறைவாகக் குடித்தாலும் பரவாயில்லை என்று அக்கவுண்ட்ஸ்காரரே சொல்லிவிட்டார். அவருக்குக் கொடுத்த வேலை, மூணு தொட்டிக்கும் இன்சார்ஜ். ராத்திரி பூராவும் பேங்க் கேஷியர் நோட்டு எண்ணுகிற மாதிரி டம்ளர் எண்ணிக்கொண்டு நின்றார். "சோப்புல போட்டியா? ரெண்டாவதுல அலசினியா? மூணாவது?" வந்தவர்கள் எல்லாம் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் உணவுப் பாதுகாப்புத் துறையிலிருந்து ரெண்டு பேர் வந்தார்கள். சான்றிதழைப் பார்த்தார்கள், ஐஸ் பில்லைக் கேட்டார்கள், தண்ணீரைக் கொஞ்சம் குழாயில் எடுத்து மருந்து ஊற்றிப் பார்த்தார்கள். மஞ்சளாக மாறியது. "குளோரின் இருக்கு" என்றார் ஒருத்தர். பத்தாம் கிளாஸ் ரிசல்ட் வந்தபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. ஆளுக்கு ஒரு டம்ளர் மோர் நீட்டினோம். குடித்தார்கள். "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார் மற்றவர். அதற்குச் சட்டத்தில் தண்டனை இல்லை.

பதினோரு மணிக்கு டீக்கடை அண்ணன் பாப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு வருஷத்தில் நன்றாக வளர்ந்திருந்தது. வந்ததும் வராததுமாக, "எனக்கு ரெண்டு டம்ளர்" என்றது.

என் கை ஒரு நிமிஷம் அகப்பையிலேயே நின்றுவிட்டது. அந்த அண்ணனுக்குத் தலைக்கு மேலேயே எங்கள் சான்றிதழ், லேமினேஷன் எல்லாம் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதை நிமிர்ந்து பார்ப்பார், "இந்த வருஷம் ஐஸ் எங்க வாங்குனீங்க தம்பி?" என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்டால் பதில் சொல்லப் பையில் பில் தயாராக இருந்தது.

அவர் எதையும் பார்க்கவில்லை. எதையும் கேட்கவில்லை.

"என்ன தம்பி யோசிக்கிறீங்க? பாப்பா கேக்குதுல்ல, ஊத்துங்க" என்றார்.